நேபாள மலைப் பாடசாலையில் மூன்று மாதம் ஆங்கிலம் படிப்பிப்பது: வீசா, வகுப்பு, உயரம்

கொட்டாஞ்சேனை நிலா கேட்டது:

வணக்கம் எல்லோருக்கும். ஆங்கிலத்தில் உயர் தேசிய டிப்ளோமா இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படிப்பித்த பழக்கமும் உண்டு. நேபாளத்தில் மலைப்பக்கப் பாடசாலை ஒன்றில் மூன்று மாதம் ஆங்கிலம் படிப்பிக்க யோசனை. கொழும்பில் ஒரு முகவர் "சுற்றுலா வீசா போதும், பதிவுக் கட்டணம் கட்டினால் பாடசாலை நாங்கள் பார்த்துத் தருவோம், சாப்பாடும் இடமும் இலவசம்" என்கிறார்.

1. சுற்றுலா வீசாவில் படிப்பிக்கலாமா?
2. எந்த மாதம் போனால் பிரயோசனம்?
3. அங்கே வகுப்பறை எப்படி? எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற மாதிரியே செய்யலாமா?
4. உயரம், குளிர் பற்றி என்ன கவனம் வேண்டும்?

பூட்டானும் யோசித்தேன். எது நல்லது?

————

பொரளைச் சந்தி எழுதியது:

தங்கச்சி, முதலில் அந்தப் பதிவுக் கட்டணத்தைக் கட்டாதீர்கள். மிச்சத்தைப் பிறகு பேசலாம்.

நேபாளக் குடிவரவு விதி நேரானது. சுற்றுலா வீசாவில் வந்தவர் சம்பளத்துக்கும் வேலை செய்யக் கூடாது, சம்பளம் இல்லாமலும் செய்யக் கூடாது. "தொண்டுதானே, காசு வாங்கவில்லையே" என்ற வாதம் அங்கே எடுபடாது. பிடிபட்டால் தண்டமும் நாடுகடத்தலும் உங்களுக்குத்தான். முகவர் கொழும்பில் இருப்பார்.

சட்டப்படி போகிற வழி நீளமானது. சம்பள வேலை என்றால் பாடசாலை உங்களுக்கு அழைப்புக் கடிதம் தர வேண்டும், சம்பந்தப்பட்ட அமைச்சின் சிபாரிசு வேண்டும், தொழில் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அதற்குப் பிறகுதான் காத்மாண்டு காளிகாஸ்தானில் இருக்கிற குடிவரவுத் திணைக்களம் சுற்றுலா அல்லாத வீசா தரும். தொண்டராகப் போவதென்றால் சமூக நலச் சபையில் பதிந்த அமைப்பு ஒன்றின் ஊடாகப் போக வேண்டும். அமைப்பின் பெயரை வாங்கிச் சபையிடமே விசாரியுங்கள். அந்தப் பெயரைச் சொல்லத் தயங்குகிற முகவரோடு மேற்கொண்டு கதைக்கத் தேவையில்லை.

பலர் தவறவிடுகிற இன்னொன்று. 2015 அரசியலமைப்புக்குப் பிறகு பாடசாலைக் கல்வி உள்ளூராட்சியின் கைக்குப் போய்விட்டது. நாடு முழுக்க 753 உள்ளூராட்சி அலகுகள். மலைக்கிராமம் என்றால் அநேகமாக 'காவுன்பாலிகா', எங்கள் பிரதேச சபை மாதிரி ஒன்று. அதன் கல்விப் பிரிவுக்குத் தெரியாமல் அதிபர் மட்டும் "வாங்கோ" என்று சொன்னால், மூன்றாம் வாரம் யாராவது வந்து கேள்வி கேட்பார்கள். காவுன்பாலிகாவின் கடிதமும் கேளுங்கள்.

எங்கள் பக்கத்தில்: சம்பளத்துக்குப் போவதென்றால் புறப்பட முன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிய வேண்டும். முகவருக்கு உரிமம் இருக்கிறதா என்று பணியகத்தின் 1989 இலக்கத்தில் கேட்கலாம். டிப்ளோமாச் சான்றிதழை வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்தி வையுங்கள். பொலிஸ் நற்சான்றிதழும் எடுங்கள். பிள்ளைகளோடு வேலை என்பதால் ஒழுங்கான அமைப்பு அதைக் கட்டாயம் கேட்கும். கேட்காத அமைப்பு என்றால் எனக்குச் சந்தேகம் வரும்.

சார்க் நாட்டவர் என்பதால் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு வீசா ஆண்டில் (ஜனவரி–டிசம்பர்) முதல் தடவை 30 நாள் இலவசம். அதை இடம் பார்த்து வரப் பயன்படுத்துங்கள். இரண்டு மூன்று பாடசாலைகளுக்குப் போய், அதிபரோடு கதைத்து, கடிதங்களுக்கு ஒழுங்கு செய்துவிட்டுத் திரும்பலாம். அது பார்வையிடுகிற பயணம் மட்டும். வகுப்பெடுக்கப் போகாதீர்கள்.

பூட்டானைப் பற்றி இரண்டு வரி. அங்கே 1960கள் தொட்டே ஆங்கிலம்தான் போதனாமொழி, அதனால் பிள்ளைகளின் ஆங்கிலம் பொதுவாக நல்லது. வெளிநாட்டு ஆசிரியரை எடுப்பது அரசாங்கத்தின் வழியாக. சுற்றுலாப் பயணியாகப் போனால் ஓர் இரவுக்கு 100 அமெரிக்க டொலர் நிலைபேற்று அபிவிருத்திக் கட்டணம் (2023 செப்டெம்பரில் 200இலிருந்து குறைத்தது). மூன்று மாதத்தைக் கணக்குப் பார்த்தால் 9,000 டொலர் வரும். சும்மா போய்க் கதவைத் தட்டுகிற நாடு அல்ல.

————

சுண்ணக்கட்டி எழுதியது:

மாதம் பற்றி.

நேபாளக் கல்வியாண்டு வைசாக் மாதம் தொடங்கும். அந்த மாதம் பிறப்பது ஏப்ரல் நடுவில், அநேகமாக எங்கள் சித்திரைப் புத்தாண்டு நாளிலேயே. தமிழருக்கு இங்கே ஒரு குழப்பம் உண்டு. வைசாக் என்றதும் வைகாசி என்று காது எடுத்துக்கொள்ளும். அது எங்கள் சித்திரை. அவர்களுடைய சைத் எங்கள் பங்குனி. பெயர்கள் ஒரு மாதம் தள்ளி நிற்கின்றன. அதிபர் "சைத் மாதம் வராதீர்கள், பரீட்சை" என்றால் மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை என்று எடுங்கள். ஆண்டும் விக்கிரம சம்வத். 2025 ஏப்ரலில் 2082 பிறந்தது. வரவுப் பதிவேடு, நேரசூசி, லீவுப் பட்டியல் எல்லாம் அந்தக் கணக்கில், தேவநாகரி இலக்கத்தில் இருக்கும். பத்து இலக்கத்தையும் போக முன் பாடமாக்குங்கள், ஒரு மணித்தியாலம் போதும்.

வைசாக் முதல் இரண்டு வாரம் பிள்ளைகளைச் சேர்க்கிற காலம். பதிவு, புத்தகம் வருமா வராதா என்ற இழுபறி, பாடம் ஓடாது. ஏப்ரல் கடைசியில் போய்ச் சேருவது சரி. அங்கிருந்து ஜூன் நடுவரை நல்ல காலம். ஜூன் நடுவிலிருந்து செப்டெம்பர் வரை மழை; மண்சரிவில் பாதை மூடும், தூரத்துப் பிள்ளைகளின் வரவு குறையும். செப்டெம்பர்–ஒக்டோபரில் தசைன் பண்டிகை, அதன் பின்னால் தீஹார் பண்டிகை, இரண்டு பெரிய லீவுகள். தீஹார் முடிந்து டிசம்பர் நடுவரை இன்னொரு நல்ல காலம், ஆனால் குறுகியது. உயரமான ஊர்களில் டிசம்பர் நடுவுக்குப் பிறகு குளிர்கால விடுமுறை. மூன்று மாதம் என்றால் ஏப்ரல் கடைசி – ஜூலை கடைசி என்று போடுங்கள். கடைசி ஒன்றரை மாதம் நனையத் தயாராக இருங்கள்.

வார விடுமுறை சனிக்கிழமை. ஞாயிறு பாடசாலை உண்டா என்று அதிபரிடம் கேளுங்கள். வெள்ளி பல இடங்களில் அரை நாள்.

'போர்டிங் ஸ்கூல்' என்று சொன்னால் விடுதி என்று நினைக்காதீர்கள். அங்கே அந்தச் சொல் கட்டணம் வாங்குகிற தனியார் ஆங்கிலமொழிப் பாடசாலையைக் குறிக்கும், பிள்ளைகள் பின்னேரம் வீட்டுக்குப் போனாலும் அதே பெயர்தான். அரச பாடசாலை 'கம்யூனிட்டி ஸ்கூல்'. உங்களுக்கு வேலை கூட இருப்பது இரண்டாவதில். 1 முதல் 8 வரை அடிப்படைக் கல்வி, 9 முதல் 12 வரை இடைநிலை. பத்தாம் வகுப்பு முடிவில் எஸ்.ஈ.ஈ. என்ற பொதுப் பரீட்சை, எங்கள் சாதாரண தரம் மாதிரி. அதில் ஆங்கிலத்துக்கு 75 புள்ளி எழுத்து, 25 புள்ளி பாடசாலை மதிப்பீடு. கேட்டலும் பேச்சும் அந்த 25க்குள் வரும். நீங்கள் பிடிக்க வேண்டிய இடம் அதுதான். அதிபரும் சந்தோஷமாக ஒப்புவார்.

வெளியிலிருந்து வருகிறவர்கள் செய்கிற பெரிய பிழை, பாடப்புத்தகத்தைத் தொடாமல் விளையாட்டும் பாட்டுமாக மூன்று மாதத்தைக் கழிப்பது. பிள்ளைகளுக்குக் குஷி. உள்ளூர் ஆசிரியருக்கோ 'யூனிட்' பின்தங்கும், நீங்கள் போன பிறகு அவர்தான் ஓடிப் பிடிக்க வேண்டும். பக்தபூர் சானோதிமியில் இருக்கிற பாடவிதான நிலையத்தின் தளத்தில் எல்லா வகுப்புப் புத்தகமும் இலவசமாகப் பீடிஎஃப்பில் இறக்கலாம். இங்கிருந்தே இறக்கி, நீங்கள் எடுக்கப்போகும் மூன்று யூனிட்டையும் அச்சடித்துக்கொண்டு போங்கள். விளையாட்டை அந்த யூனிட்டுக்குள்ளே வையுங்கள்.

ஒரு பாடவேளை 40–45 நிமிடம். 40 பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு இப்படிப் பிரிக்கலாம்:

முதல் 5 நிமிடம் நேற்றைய ஐந்து சொல், பலகையில் எழுதாமல் வாயால். அடுத்த 10 நிமிடம் புதிய அமைப்பு ஒன்று, ஒன்றே ஒன்று, படம் அல்லது பொருளோடு. அடுத்த 15 நிமிடம் இருவர் இருவராகப் பேச்சு. வாங்கு நீளமானது, நாலைந்து பேர் நெருக்கி இருப்பார்கள், எழும்பி நடக்க இடமில்லை. அதனால் முதலாம் வரிசை திரும்பி இரண்டாம் வரிசையைப் பார்க்கட்டும், மூன்றாம் வரிசை நாலாம் வரிசையை. யாரும் இடம் மாறத் தேவையில்லை, சத்தமும் குறையும். பிறகு 10 நிமிடம் கொப்பியில் நான்கு வசனம். கடைசி 5 நிமிடம் பின் வாங்கிலிருந்து நாலு பேரிடம் கேளுங்கள். முன் வாங்குக்காரர் எப்படியும் சொல்வார்கள்.

"விளங்குதா?" என்று கேட்காதீர்கள். முழு வகுப்பும் ஒரே குரலில் "யெஸ் சேர்" என்னும். கேள்வியை விடையால் சோதிக்கிற மாதிரி மாற்றுங்கள்: "ரமேஷ் நேற்றுப் போனானா, இன்றைக்குப் போகிறானா?"

தகரக் கூரைக்கு மழை விழுந்தால் கேட்டல் பயிற்சி சரிவராது. உங்கள் குரலே இரண்டாம் வாங்கைத் தாண்டாது. மழைக்காலப் பின்னேரங்களுக்கு வாசிப்பு, எழுத்து வேலைகளைத் தயாராக ஒதுக்கி வையுங்கள்.

————

இலக்கணப்பித்து எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு என் பதில்: எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற மாதிரியே முக்கால்வாசி செய்யலாம். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. நேபாளி வேறு மொழிக்குடும்பம், ஆனால் வசனம் கட்டுகிற விதம் தமிழுக்கு ஆச்சரியமாகக் கிட்ட. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட ஆசிரியருக்குப் பிள்ளை ஏன் பிழை விடுகிறது என்று விளங்காத இடத்தில் உங்களுக்கு உடனே விளங்கும்.

வினை கடைசியில். அது தெரிந்ததே. அதற்கு மேல் பாருங்கள்:

"எனக்குப் பசிக்குது" என்கிற 'எனக்கு' அமைப்பு அப்படியே உண்டு: "மலாயி போக் லாக்யோ". ஆகவே பிள்ளை ஆங்கிலத்தில் "டு மீ ஹங்கர்" என்ற திசையில் தடுமாறும். 'ஐ ஆம் ஹங்க்ரி, கோல்ட், தேர்ஸ்டி, அஃப்ரெய்ட்' நாலையும் ஒரே பாடத்தில் ஒன்றாகக் கொடுங்கள். தனித்தனியாகக் கொடுத்தால் ஒட்டாது.

'ஹேவ்' என்ற வினை தமிழிலும் இல்லை, நேபாளியிலும் இல்லை. "என்னிடம் பேனை இருக்கு" என்பதுதான் "மசங்க கலம் ச". அதனால் 'ஐ ஹேவ்' வர வேண்டிய இடத்தில் 'மை பென் இஸ்' வரும். எங்கள் பிள்ளைகளுக்கு எப்படிச் சரி செய்வோமோ அப்படியே செய்யுங்கள்: பையைத் திறந்து ஒவ்வொரு பொருளாக எடுத்துச் சொல்லவைப்பது.

"சாப்பிட்டுப் போனான்" என்பது "காயேர கயோ". வினையெச்சம்! அதனால் பிள்ளைகள் நீளமான வசனத்தில் ஒரே ஒரு முற்றுவினையைப் போட்டு மிச்சத்தை அந்தரத்தில் விடுவார்கள். 'என்று' என்பதற்கு "பனேர". பிறர் கூற்றை எழுதும்போது 'தட்' எங்கே போடுவது என்ற சிக்கல் அதிலிருந்து வரும். "இரண்டு புத்தகம்" என்று நாங்கள் சொல்வது போல "துயிட்டா கிதாப்", எண் வந்தால் பன்மை வேண்டாம். ஆகவே 'டூ புக்'.

வித்தியாசமான இடம் ஒன்று: 'ஊ' என்ற ஒரே சொல் அவனுக்கும் அவளுக்கும். பத்தாம் வகுப்பிலும் தாயைப் பற்றிய கட்டுரையில் 'ஹீ' வரும். அது கவனக்குறைவு அல்ல. சிவப்பு மையால் வட்டம் போட்டு மாறாது, ஒவ்வொரு நாளும் இரண்டு நிமிட வாய்ப் பயிற்சி தேவை: படத்தைக் காட்டுவது, சுட்டுப்பெயர் மட்டும் சொல்லவைப்பது.

'த', 'அ' என்ற சுட்டிடைச்சொற்கள் இரண்டு மொழியிலும் இல்லை. மூன்று மாதத்தில் அதைத் திருத்தப் போகாதீர்கள். நேரம் வீண்.

உச்சரிப்பில் நிலைமை வேறு. நேபாளியில் குறில் நெடில் பொருளை மாற்றாது. எழுத்தில் இருக்கிறது, பேச்சில் இல்லை. 'ஷிப்', 'ஷீப்' இரண்டும் ஒன்றாகவே கேட்கும். தமிழருக்குக் 'கல்–கால்', 'விடு–வீடு' என்று காது பழகியிருப்பதால் இதைப் படிப்பிக்க நீங்கள் பொருத்தமான ஆள். கையை விரித்து நீளத்தைக் காட்டிக்கொண்டு சொல்லுங்கள், பிறகு வாயின் அகலத்தைக் காட்டுங்கள். நீளம் மட்டும் போதாது, ஆங்கிலத்தில் அந்த இரண்டு உயிரின் தன்மையே வேறு. ஆனால் தொடங்குகிற கைப்பிடி நீளம்தான்.

'ஸ', 'ஷ' பலருக்கு ஒன்று. மிருகக்காட்சிச் சாலையின் 'ஸூ' அங்கே 'ஜூ'. 'ஸ்கூல்' என்பது 'இஸ்கூல்'. கடைசி இரண்டும் எங்களுக்கும் உள்ள நோய். போக முன் உங்கள் வாயைப் பதிவுசெய்து கேட்டுப் பாருங்கள், நாற்பது பிள்ளைகள் உங்களை அப்படியே திருப்பிச் சொல்லும்.

இன்னொரு எச்சரிக்கை. 2021 குடிசன மதிப்பில் 124 தாய்மொழிகள் பதிவானவை. மலைக்கிராமத்தில் வீட்டுமொழி தமாங், குருங், ஷெர்பா, ராய் மொழிகளில் ஒன்றாக இருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு நேபாளியே இரண்டாம் மொழி, ஆங்கிலம் மூன்றாவது. முதலாம் நாளே உள்ளூர் ஆசிரியரிடம் "வீட்டில் என்ன கதைக்கிறார்கள்?" என்று கேளுங்கள். மேலே சொன்னது எல்லாம் நேபாளிக்குப் பொருந்துவது.

மரியாதைச் சொல்லில் கஷ்டமிராது. யாழ்ப்பாணத்து நீ, நீர், நீங்கள் மாதிரி அவர்களிடமும் படிகள் உண்டு. தெரியாத ஆளுக்கு 'தபாயி' போதும். அக்கா 'தீதி', அண்ணா 'தாயி', தங்கச்சி 'பஹினி', தம்பி 'பாயி'. கடைக்காரரையும் இப்படித்தான் கூப்பிடுவது.

————

கொட்டாஞ்சேனை நிலா எழுதியது:

மிக்க நன்றி. 'பனேர' விஷயம் கேட்டுச் சிரித்துவிட்டேன். முகவரிடம் அமைப்பின் பெயர் கேட்டேன், "வந்து காசு கட்டிய பிறகு சொல்கிறோம்" என்றார்கள். விட்டுவிட்டேன்.

இரண்டு கேள்வி. நேபாளி தெரியாமல் போகலாமா? உயரம் பற்றி யாரும் சொல்லவில்லையே?

————

ஹட்டன் ரயில் எழுதியது:

உயரத்தை நான் சொல்கிறேன். எங்கள் நாட்டில் மிக உயரமான பிதுருதலாகல 2,524 மீற்றர். நுவரெலியா நகரம் 1,868. உயர நோய் பொதுவாகத் தொடங்குவது 2,500க்கு மேல். ஆகவே "நுவரெலியாவில் ஒன்றும் செய்யவில்லை" என்ற அனுபவம் இங்கே கணக்கில் வராது.

காத்மாண்டு 1,400 அளவு, பிரச்சினை இல்லை. பெரும்பாலான மலைக்கிராமப் பாடசாலைகள் 1,000–2,000க்குள்தான். குளிரும் மேடும் இருக்கும், நோய் வராது. முதல் தடவைக்கு அப்படி ஓர் ஊரைக் கேளுங்கள். குமுஜுங் மாதிரி (எவரெஸ்ட் பக்கம், 3,790 மீற்றர், 1961இல் எட்மண்ட் ஹிலாரி கட்டுவித்த பாடசாலை இருக்கிற ஊர்) இடங்களின் பெயர்தான் வெளியில் அடிபடும், ஆனால் தேவை அதிகம் உள்ளது பெயர் கேள்விப்படாத நடு மலைகளில்.

மேலேதான் போவதென்றால்: 3,000க்கு மேல் ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் இடையில் படுக்கிற உயரம் 500 மீற்றருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நாலு நாளுக்கு ஒருக்கால் அதே உயரத்தில் இன்னோர் இரவு. எவரெஸ்ட் நடைபாதையில் லுக்லா 2,860, நாம்சே 3,440, அதனால்தான் எல்லோரும் நாம்சேயில் இரண்டு இரவு தங்குவது. நடந்து போகிறவரைவிட ஜீப்பில் போகிறவருக்கு ஆபத்து கூட. பொக்காராவிலிருந்து (800 மீற்றர் அளவு) ஒரே நாளில் 2,700க்கு மேலுள்ள ஜொம்சொமில் இறங்கலாம், உடம்புக்குப் பழக நேரம் கிடையாது.

தலையிடி, சாப்பாட்டில் வெறுப்பு, நித்திரையின்மை வந்தால் மேலே ஏறாதீர்கள். வாந்தி, நேராக நடக்க முடியாத தள்ளாட்டம், இருந்தபடியே மூச்சு வாங்கல் என்றால் இரவென்று பார்க்காமல் இறங்க வேண்டும். அசெற்றசோலமைட் 125 மில்லிகிராம் காலையும் மாலையும், ஏறுவதற்கு முதல் நாளிலிருந்து எடுப்பது வழக்கமான முற்காப்பு. சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் வைத்தியரிடம் கேளாமல் தொடக் கூடாது. நித்திரைக் குளிசை வேண்டவே வேண்டாம்.

விசர்நாய்த் தடுப்பூசி பற்றியும் டொக்டரிடம் கேளுங்கள். ஊர் நாய்கள் நிறைய, ஆஸ்பத்திரி ஒரு நாள் பயணத்தில் இருக்கலாம்.

குளிருடுப்பைக் கொழும்பில் தேடி அலையாதீர்கள். காத்மாண்டில் தமேல், அசன் கடைத்தெருக்களில் எல்லாம் உண்டு, மேல்சட்டையும் படுக்கைப்பையும் வாடகைக்கும் எடுக்கலாம். இங்கிருந்து கொண்டுபோக வேண்டியது: பழகின சப்பாத்து, தலைவிளக்கு, மழைக்கோட்டு, உங்களுடைய மருந்து. சிம் என்றால் மலைப்பக்கம் பொதுவாக நேபாள் ரெலிகொம் நல்லாய் எடுக்கும்.

சாப்பாட்டு நேரம் மாறும். காலை ஒன்பது பத்துக்குச் சோறும் பருப்பும் முழுச்சாப்பாடு, அதற்குப் பிறகு பாடசாலை, நடுப்பகலில் அவல் அல்லது நூடில்ஸ், இரவு திரும்பச் சோறும் பருப்பும். காலையில் பாணும் தேத்தண்ணியும், மத்தியானம் சோறு என்று எதிர்பார்த்தால் முதல் கிழமை இரண்டு மணிக்கு வயிறு கத்தும்.

————

சுண்ணக்கட்டி எழுதியது:

மொழிக்கு: போகலாம், ஆனால் எழுத்தையும் நூறு சொல்லையும் இங்கேயே படியுங்கள். ஒழுங்காகப் படிக்க விருப்பமென்றால் காத்மாண்டில் திரிபுவன் பல்கலைக்கழகத்தின் விஸ்வ பாஷா கம்பஸ் வெளிநாட்டவருக்கு நேபாளி படிப்பிக்கிறது. வகுப்பில் மட்டும் நேபாளியைக் குறைவாகப் பாவியுங்கள். அங்கே வழமையான முறை ஒவ்வொரு வசனத்தையும் மொழிபெயர்த்துச் சொல்வது, பிள்ளைகள் ஆங்கில வரியைக் கேளாமல் நேபாளி வரிக்குக் காத்திருப்பார்கள்.

ஆங்கிலச் சொல்லுக்கு மேலே தேவநாகரியில் உச்சரிப்பு எழுதுவது இன்னொரு பழக்கம். முதல் நாள் விடுங்கள். மூன்றாம் நாள் அதை அழித்துவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

பக்கத்தில் நிற்கிற ஆசிரியர் கம்பு எடுத்தால் பிள்ளைகள் முன்னால் தடுத்துச் சண்டை பிடிக்காதீர்கள். 2018 சிறுவர் சட்டத்தில் அடிப்பது தடை, அதிபருக்கும் தெரியும். பாடம் முடிந்து தனியாகக் கதையுங்கள்.

ஏ4 மட்டையை எட்டாக வெட்டிப் படஅட்டை 60 செய்து, இரண்டு தொகுதியாகக் கொண்டுபோங்கள். ஒன்றை வரும்போது அந்த ஆசிரியரிடமே கொடுத்துவிட்டு வரலாம். ஆமை, யானை, தென்னை படங்களோடு ஜக்கெற், அடுப்பு, ஆடு, தொங்குபாலம் கட்டாயம் இருக்கட்டும். கடற்கரைப் படம் நாலு போதும், அதை விளக்கவே அரைப் பாடவேளை போய்விடும்.